லைனஸ் ஏன் போர்வையைத் திரும்ப எடுத்தான்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் 14 பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினேன். 25 நிமிடப் படம். அது முடிந்ததும் என்ன பேச வேண்டும் என்று முந்தின இரவே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் பிள்ளைகளின் மனமெல்லாம் பரிசுப் பொட்டலங்களில் இருந்தது. அவர்களை ஒரு மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும், தொடக்கநிலை 2ல் படிக்கும் ஒரு சிறுவன் கையைத் தூக்கினான்.

“அக்கா, பயம் இல்லைன்னுதானே அவன் போர்வையைக் கீழே போட்டான்? அப்புறம் ஏன் திரும்ப எடுத்துக்கிட்டான்?”

அவன் ஆங்கிலத்தில்தான் கேட்டான். ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் தமிழில் பாடுவோம், ஆங்கிலத்தில் சண்டை போடுவோம். அது எங்கள் வழக்கம். எந்த மொழியில் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. போர்வை கீழே விழும் இடத்தோடு என் குறிப்பு முடிந்திருந்தது.

அந்தப் படம் ‘ஏ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’. எங்கள் பெற்றோருக்கு ‘பீனட்ஸ்’ என்றால் தெரியும். எங்களுக்கு ஸ்னூப்பி என்றால்தான் தெரியும். பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, பயண அட்டை உறை என்று எங்கு பார்த்தாலும் இருக்குமே, அந்த வெள்ளை நாய். அதன் எசமான்தான் சார்லி பிரவுன். அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை நாளிதழ்களுக்கு வரைந்த சித்திரத் தொடரின் நாயகன். அவன் பட்டம் விட்டால் அது மரத்தில் சிக்கிக்கொள்ளும். பந்தை உதைக்க ஓடி வந்தால் லூசி கடைசி நொடியில் பந்தை இழுத்துவிடுவாள். தோற்பதற்கென்றே பிறந்த பையன்.

படத்தின் தொடக்கத்திலேயே அவன் தன் நண்பன் லைனஸிடம் மனம்விட்டுப் பேசுகிறான். கிறிஸ்துமஸ் வருகிறது, பரிசும் வாழ்த்து அட்டையும் பிடித்துத்தான் இருக்கின்றன, ஆனாலும் மனத்தில் மகிழ்ச்சி இல்லை என்கிறான். அஞ்சல் பெட்டியைத் திறந்தால் அவனுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. மனநல ஆலோசனைக் கடை வைத்திருக்கும் லூசியிடம் போகிறான். அவள் முதலில் ஐந்து காசு கட்டணத்தை வாங்கிக்கொள்கிறாள். பிறகு, தனக்கு ஒவ்வோர் ஆண்டும் பொம்மைகளே பரிசாக வருகின்றன, நிலமோ வீடோ யாரும் தருவதில்லை என்று தன் குறையைச் சொல்கிறாள். ஸ்னூப்பி தன் குடிலுக்கு விளக்குச் சரம் கட்டி அலங்காரப் போட்டியில் சேர்கிறது. தங்கை சாலி, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் பத்து, இருபது டாலர் தாள்களாக அனுப்பினாலும் சரி என்கிறாள்.

இதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. 12.12 தள்ளுபடிக்காக என் தோழிகள் நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய படம் என்று சொன்னால்தான் தெரியும்.

யாருக்கும் பிடிக்காத படம்

இந்தப் படம் உருவான கதையும் சுவையானது. 1965ல் கோக்கக்கோலா நிறுவனம் கிறிஸ்துமசுக்கு ஒரு தொலைக்காட்சிப் படம் வேண்டும் என்று கேட்டது. தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், இயக்குநர் பில் மெலண்டஸ், ஓவியர் ஷுல்ஸ் மூவரும் ஏறத்தாழ ஆறே மாதத்தில் முடித்துக் கொடுத்தார்கள். கார்ட்டூன் என்றால் பெரியவர்கள் பிள்ளைக் குரலில் பேசுவதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் உண்மையான பிள்ளைகளையே பேச வைத்தார்கள். சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு அப்போது வாசிக்கக்கூடத் தெரியாது. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்துப் பதிவு செய்தார்களாம். நகைச்சுவைப் படங்களில் பின்னணியில் ஒலிக்கும் சிரிப்புச் சத்தம் இதில் இல்லை. இசைக்கு வின்ஸ் குவரால்டியின் ஜாஸ்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் நடுவில் ஒரு சிறுவன் வேதாகமத்தின் ஒரு பகுதியை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்று ஷுல்ஸ் சொன்னார். மெண்டல்சனும் மெலண்டசும் தயங்கினார்கள். கார்ட்டூனில் வேதாகமமா என்று கேட்டார்கள். நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்பது ஷுல்ஸின் பதில். மெண்டல்சன் யூதர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படத்தில் வரும் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டின் வரிகளை எழுதியவரும் அவர்தான்.

சிபிஎஸ் தொலைக்காட்சியின் அதிகாரிகளுக்குப் படம் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகிறது என்றார்கள், இசை பொருந்தவில்லை என்றார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 1965 டிசம்பர் 9, வியாழக்கிழமை இரவு படம் ஒளிபரப்பானது. பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது. எம்மி விருதும் பீபடி விருதும் கிடைத்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் வணிகமாகிவிட்டது என்று வருத்தப்படும் படத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு குளிர்பான நிறுவனம்! இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஓய்வுநாள் பள்ளி விருந்திலும் அதே பானம்தான்.

விளக்கு மட்டும் எரியும் மேடை

இனி, அந்தக் காட்சி.

பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். சார்லி பிரவுன்தான் இயக்குநர். ஆனால் அவன் சொல்வதை யாரும் கேட்பதில்லை, எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மேடைக்குக் கிறிஸ்துமஸ் மரம் வேண்டும், பெரியதாக, பளபளவென்று அலுமினிய மரம் வாங்கி வா என்று லூசி அனுப்புகிறாள். அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் அலுமினிய மரம் நாகரிகமாக இருந்தது. சார்லி பிரவுனோ, கடையில் இருந்ததிலேயே சிறிய, இலை உதிரும், உண்மையான மரக்கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் உடைந்துபோய், கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கத்துகிறான்.

லைனஸ், தனக்குத் தெரியும் என்கிறான். மேடையின் நடுவுக்குப் போகிறான். விளக்கைப் போடச் சொல்கிறான். லூக்கா எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து, வயல்வெளியில் இரவில் மந்தை காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் தேவதூதன் வந்த பகுதியை ஒப்பிக்கிறான். மேய்ப்பர்கள் மிகவும் பயந்துபோனார்கள். தேவதூதன் அவர்களிடம் முதலில் சொன்னது, பயப்பட வேண்டாம் என்பதுதான்.

படத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லைனஸ் எந்நேரமும் ஒரு நீலப் போர்வையைப் பிடித்துக்கொண்டே இருப்பவன். சித்திரத் தொடரில் 1954லேயே அது வந்துவிட்டது. கையில் போர்வை, வாயில் விரல். அக்கா லூசி எத்தனை முறை பிடுங்கினாலும் விடமாட்டான். அப்படிப்பட்டவன், பயப்பட வேண்டாம் என்ற சொல் வரும் அந்த நொடியில், போர்வையைக் கை நழுவ விடுகிறான். வசனத்தில் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கேமரா அருகில் போய்க் காட்டுவதும் இல்லை.

இந்த ஒரு நொடியை வெட்டியெடுத்து ஒவ்வொரு டிசம்பரிலும் சமூக ஊடகங்களில் பகிர்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் இளையர் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். கூடவே விளக்கமும் இருந்தது: கிறிஸ்து வந்தால் பயம் போய்விடும், நாம் பிடித்துக்கொண்டிருக்கும் போர்வைகளைக் கீழே போட்டுவிட வேண்டும். நானும் அதைத்தான் பிள்ளைகளுக்கான என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தாளில் தங்கள் ‘போர்வை’யை வரைந்து, கசக்கிக் குப்பைக் கூடையில் போட வேண்டும் என்று ஒரு நடவடிக்கைகூட வைத்திருந்தேன்.

அந்தச் சிறுவன் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. காரணம், என்னிடம் உண்மையிலேயே ஒரு போர்வை இருக்கிறது.

வாயில் புடவை

என் பாட்டி ஜூன் மாதம் காலமானார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதால் தோ பாயோ வீட்டில் என்னை வளர்த்தவர் அவர்தான். பாலர் பள்ளிக்கு அழைத்துப் போனது, தமிழ் எழுத்துகளை அரிசியில் எழுத வைத்தது, ஞாயிறு ஆராதனையில் நான் தூங்கி விழும்போது தொடையில் கிள்ளியது எல்லாம் பாட்டிதான். வெளியே போகும்போதும் வீட்டிலும் வாயில் புடவைதான் கட்டுவார். துவைத்துத் துவைத்து மெலிந்த புடவைகள், அரிக்கும் கஞ்சி இல்லாதவை. அவற்றில் ஒன்று, சிறு வயதிலிருந்தே என் போர்வை. தமிழ் வீடுகளில் இது அதிசயம் இல்லை என்று நினைக்கிறேன். நம்மில் எத்தனையோ பேர் பாட்டியின் பழைய புடவையைப் போர்த்தித் தூங்கி வளர்ந்தவர்கள்தானே.

பாட்டி போனபின் அந்தப் புடவையைப் பல்கலைக்கழக விடுதிக்கு எடுத்துவந்துவிட்டேன். அதில் இன்னும் கோடாலித் தைல வாசனை இருக்கிறது. அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இருபது வயதில் இதைச் செய்தித்தாளில் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அடக்கம் முடிந்து வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். பாட்டி கர்த்தரிடம் போய்விட்டார், நமக்கு நம்பிக்கை இருக்கிறது, நம்பிக்கை இல்லாதவர்கள்தான் இப்படி அழுவார்கள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் அந்தச் சொல் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. அன்று முதல் யார் முன்னும் அழுவதில்லை. இரவில் புடவையைப் போர்த்திக்கொள்வேன். காலையில் மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவேன். ஒவ்வொரு முறை ஒளிக்கும்போதும், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரோ சொல்வதுபோல் இருக்கும்.

இப்படி இருக்கிற நான்தான், போர்வையைக் கசக்கிக் குப்பையில் போடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போனேன்.

எத்தனை முறை?

அன்றிரவு விடுதி அறையில் படத்தை மறுபடியும் போட்டேன். என் அறைத்தோழி இந்து. உளவியல் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் படமா, நானும் பார்க்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேதாகமக் கதைகள் அதிகம் தெரியாது. அதனால்தானோ என்னவோ, நான் பார்க்காததை அவள் பார்த்தாள்.

“அவன் அந்தப் போர்வையை என்னவெல்லாம் செய்றான், கவனிச்சியா?” என்றாள்.

நான் கவனிக்கவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.

ஒத்திகையில் லைனஸுக்கு மேய்ப்பன் வேடம். இந்த முட்டாள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மேய்ப்பன் எப்படி இருப்பான் என்று லூசி அதட்டுகிறாள். உடனே அவன் போர்வையைத் தலையில் போட்டு முக்காடாக்கிக்கொள்கிறான். இப்போது அவன் அச்சு அசல் மேய்ப்பன். அப்பாவி மேய்ப்பனை அடிக்க மாட்டாய்தானே என்று அக்காவிடம் கேட்கிறான். அதற்குப் பிறகுதான் மேடைக் காட்சி வருகிறது. அதாவது, பயந்துபோன மேய்ப்பர்களைப் பற்றி ஒப்பிக்கிறவனே ஒரு மேய்ப்பன். அவனும் பயந்தவன்தான். தேவதூதனின் சொல்லைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே அதைத் தானும் கேட்கிறான். அதனால்தான் கை தளர்கிறது.

ஒப்பித்து முடிக்கிறான். குனிந்து போர்வையை எடுக்கிறான். சார்லி பிரவுனிடம் நடந்து வந்து, கிறிஸ்துமஸ் என்றால் இதுதான் என்கிறான். திரும்ப எடுத்ததற்காக அவனை யாரும் கேலி செய்வதில்லை. படமும் அவனைக் குறைத்துக் காட்டுவதில்லை. சற்று முன் சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது என்ற தொனி எங்கும் இல்லை.

அடுத்ததுதான் என் தோழி சுட்டிக்காட்டிய இடம். சார்லி பிரவுன் உற்சாகமாகத் தன் மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். போட்டியில் பரிசு வென்ற ஸ்னூப்பியின் குடிலிலிருந்து ஒரே ஒரு சிவப்புக் குண்டை எடுத்து மரத்தில் மாட்டுகிறான். கனம் தாங்காமல் மரம் வளைந்து தரையைத் தொடுகிறது. மரத்தைக் கொன்றுவிட்டேன், நான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகிறது என்று அழுதபடி போய்விடுகிறான். நற்செய்தியைக் கேட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை!

சற்று முன் சிரித்த அதே பிள்ளைகள் இப்போது அங்கே வருகிறார்கள். மரம் அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் அன்பு காட்டினால் போதும் என்கிறான் லைனஸ். மரத்தை நிமிர்த்துகிறான். தன் போர்வையை அதன் அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டுகிறான். மற்றவர்கள் அலங்காரங்களை மாட்டுகிறார்கள். மரம் நிற்கிறது.

பார்த்து முடித்ததும் தோழி தன் பாடத்தைப் பற்றிச் சொன்னாள். டானல்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமானவர் 1953ல் குழந்தைகளின் இத்தகைய போர்வைகளையும் பொம்மைகளையும் பற்றி எழுதிய கட்டுரை, அவர்கள் துறையில் இன்றும் படிக்கப்படுகிறதாம். குழந்தை அதை வெறுத்து உதறிவிட்டு வளர்வதில்லை, அதற்காகத் துக்கம் கொண்டாடுவதும் இல்லை. அதன் தேவை மெல்லக் குறைந்து அது ஓர் ஓரமாகப் போய்விடும் என்பது அவர் கருத்து. “பிடுங்கினாத்தான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டுத் தோழி தூங்கப் போய்விட்டாள். அவள் என் தலையணைப் பக்கம் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பாட்டியின் வேதாகமம்

எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டியின் தமிழ் வேதாகமத்தை எடுத்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். நான் அந்தப் பகுதியை எப்போதும் ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அது வெட்டென்று இரண்டே சொல். ஒரு கட்டளைபோல் இருக்கும். தமிழில் ‘பயப்படாதிருங்கள்’ என்று இருக்கிறது. ‘பயப்படாதீர்கள்’ இல்லை. அதற்குள் ஓர் ‘இரு’ ஒளிந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் துணைவினை நடத்தியபோது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. ஒரே வீச்சில் பயத்தைத் தூக்கி எறியச் சொல்லும் சொல்லாக அது எனக்குப் படவில்லை. பயமில்லாமல் இருந்து பாருங்கள், இருந்துகொண்டிருங்கள் என்று பக்கத்தில் அமர்ந்து சொல்வதுபோல் இருந்தது. நான் மொழியியல் மாணவி அல்லள். பேராசிரியர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் பாட்டி அந்தச் சொல்லைப் படிக்கும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். எப்போது போட்டார், எதற்காக என்று இனி யாரிடமும் கேட்க முடியாது.

லாசரு என்ற நண்பன் இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். சிறிது நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அழுகிறார். அழுதால் நம்பிக்கை இல்லை என்று என்னிடம் சொன்ன பெரியவருக்கும் இந்தப் பகுதி மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அன்று ஜெபக்கூட்டத்தில் இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் நேரில் பார்த்தால் சொல்வேனா என்பது சந்தேகம்தான். பெரியவர்களிடம் நாம் அப்படிப் பேசுவதில்லையே.

ஷுல்ஸைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. 1943ல், அவர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டிருந்த சமயத்தில், அவருடைய தாய் புற்றுநோயால் இறந்தார். அப்போது ஷுல்ஸுக்கு வயது 20. போர் முடிந்து திரும்பியபின் ஒரு சிறிய கிறிஸ்துவ சபையில் ஈடுபாட்டோடு சேர்ந்தார். பின்னாளில் ஓய்வுநாள் பள்ளியில் பாடமும் எடுத்தார். முதுமையில் தம்மை மதச் சார்பற்ற மனிதநேயர் என்று சொல்லிக்கொண்டார். ஆகவே அவரை யாரும் எளிதாகத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது. ஆனால் போர்வையைக் கீழே போட வைத்தவரும், அதைத் திரும்ப எடுக்க வைத்தவரும், கடைசியில் மரத்தைச் சுற்றிக் கட்ட வைத்தவரும் அந்த மனிதர்தான். இருபது வயதில் தாயை இழந்த ஒருவருக்கு, பயம் ஒரே இரவில் போய்விடாது என்று தெரிந்திருக்கும் என நான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் படத்தில் விசுவாசத்தைப் பற்றிய பாடம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால், போர்வை விழும் நொடியை மட்டும் இப்போது நான் காட்டமாட்டேன். பயந்தவனின் கை ஒரு கணம் தளர்ந்தது, அது உண்மை. பிறகு அவன் குனிந்து எடுத்துக்கொண்டான், அதுவும் உண்மை. எடுத்துக்கொண்டதால்தான், வளைந்துபோன மரத்துக்குக் கட்டிவிட அவன் கையில் ஏதோ இருந்தது. மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் மரத்துக்கு எதைச் சுற்றியிருப்பான்?

படம் வந்தபின் அமெரிக்காவில் அலுமினிய மரத்தின் மவுசு குறைந்துபோனதற்கு இந்தப் படமே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. இன்று சார்லி பிரவுனின் அந்தச் சோனி மரத்தையே பிளாஸ்டிக்கில் செய்து, ஒற்றைச் சிவப்புக் குண்டும் நீலத் துணியும் சேர்த்து விற்கிறார்கள். இணையத்தில் பார்த்தேன். வாங்கத்தான் தோன்றியது!

அந்தச் சிறுவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று அந்த அறையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. “அவனுக்கு அது இன்னும் வேணும்போல இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “ஓ, சரி” என்று பிஸ்கட் எடுக்கப் போய்விட்டான். தாள்களைக் கசக்கிக் குப்பையில் போடும் நடவடிக்கையை நான் நடத்தவில்லை. வரைந்த தாள்களைப் பிள்ளைகள் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். ஒருத்தி கரடி பொம்மை வரைந்திருந்தாள். ஒருவன் தன் அம்மாவை வரைந்திருந்தான்.

இந்தச் சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளின் இயேசு பிறப்பு நாடகம். படத்தில் ஷெர்மி என்ற பையன், ஒவ்வோர் ஆண்டும் தனக்கு மேய்ப்பன் வேடமே கிடைக்கிறது என்று அலுத்துக்கொள்வான். எங்களிடமும் அதே கதைதான். வசனம் மறந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் எல்லாரும் மேய்ப்பர்கள். இம்முறை ஐந்து பேர். கேள்வி கேட்ட சிறுவனும் அவர்களில் ஒருவன். சென்ற ஆண்டு மேடைக்கு வந்ததும் அழுதுவிட்டவன். முக்காட்டுத் துணி மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.

நேற்று வீட்டுக்குப் போனபோது புடவையைப் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அது என்னிடம் இருந்தது அவருக்குத் தெரியும்போல. ஒன்றும் கேட்கவில்லை. விரித்துப் பார்த்தார், முகத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு, “அஞ்சரை மீட்டர் இருக்கும். ரெண்டு துண்டு வெட்டினாலும் நீ போர்த்திக்கிறதுக்கு மிச்சம் இருக்கும்” என்றார்.

கத்தரிக்கோலை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை.